ஆறாம் அறிவு மதிலா, படியா?

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி மாட்டுக்கொட்டில்கள் வரிசையாக இருந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. விடியுமுன்பே பால்காரர் கறவையை ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வருவார். வீட்டு வாயிலில் நிறுத்தி, வீட்டாரின் கண்முன்னே கறந்து கொடுப்பார். அவருடைய கக்கத்தில் எப்போதும் ஒரு பொருள் இடுக்கியிருக்கும். இறந்துபோன கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்த தோற்கன்று அது. கண் இல்லை, கால்களுக்கு மாறாகக் குச்சிகள். அதை ஆவின் முன்னே சாய்த்து வைப்பார். ஆ முகர்ந்து பார்க்கும், நக்கும், நக்கிக்கொண்டே நிற்கும். மடியில் பால் சுரக்கும்.

சிறுவனாயிருந்த நான் ஒருநாள், "அது பொய்க்கன்று என்று மாட்டுக்குத் தெரியாதா, ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தெரிந்தால் பால் விடுமா, தம்பி? ஐந்தறிவுதானே அதற்கு!" என்றார்.

அன்று அந்த விடை எனக்குப் போதுமானதாயிருந்தது, இன்று போதவில்லை. தாய்க்குக் கன்றின்மேல் உள்ள பற்றை நன்கு அறிந்தவன்தான் தோற்கன்று செய்ய முடியும். ஆவுக்கு நெஞ்சம் உண்டு என்பதைத் தம் கையால் ஒப்புக்கொண்டவர், அதையே நாவால் மறுத்தார். அவரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. நம்முள் பெரும்பாலார் அவ்வாறே வாழ்கின்றோம். நம் மேடைகளைப் பாருங்கள்! "ஆறறிவு படைத்த தமிழா!" என்று விளிக்கின்றோம், மாற்றாரை இழித்துரைக்க "ஐந்தறிவு விலங்கே!" என்கின்றோம். ஆறாம் அறிவு என்பது மாந்தனுக்கும் விலங்குக்கும் இடையே எழுப்பிய மதில் என்று நாமே நினைத்துக்கொண்டோம். அந்நினைப்புக்குத் தொல்காப்பியரையும் துணைக்கு அழைக்கின்றோம். ஆனால் தொல்காப்பியர் கட்டியது மதில் அன்று, படிக்கட்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளதிகாரத்தின் இறுதியில் நிற்கும் மரபியலில், அவர் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்தார். உடம்பால் உற்றறிவது முதலறிவு. அதன்மேல் நாவறிவும், மூக்கறிவும், கண்ணறிவும், செவியறிவும் ஒவ்வொன்றாகச் சேர ஐந்தாகும். மனம் சேர ஆறாகும். புல்லும் மரமும் முதற்படி. நத்தையினம் இரண்டாம் படி. சிதலும் எறும்பும் மூன்றாம் படி. நண்டும் தும்பியும் நான்காம் படி. விலங்குகள் ஐந்தாம் படி. மக்கள் ஆறாம் படி. இவ்வகுப்பைத் தாமே கண்டதாகவும் அவர் உரிமை பாராட்டவில்லை. நுட்பமாக உணர்ந்த முன்னோர் நெறிப்படுத்தியது என்றே பணிவுடன் உரைத்தார்.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மேற்படியில் நிற்கும் உயிர் கீழ்ப்படிகளின் அறிவு அனைத்தையும் தன்னுள் கொண்டே நிற்கின்றது. மாந்தனின் தொடுவுணர்வு புல்லுக்கும் உரியது. அவனுடைய கண்ணறிவு நண்டுக்கும் உரியது. ஆறில் ஐந்தை நாம் மற்ற உயிர்களோடு பகிர்ந்துகொண்டே வாழ்கின்றோம்.

இரண்டாவது, ஐந்தாம் படியில் விலங்குகளோடு 'மாக்கள்' என்பாரையும் தொல்காப்பியர் சேர்த்து வைத்தார். மனவுணர்வு வாய்க்காத மாந்தர் அவர் என்று உரையாசிரியர் விளக்குவர். மாந்த வடிவம் மட்டுமே ஆறாம் படிக்குச் சீட்டாகாது என்பது இதன் பொருள். இதன் மறுதலையும் உண்டு. இளம்பூரணர் கொண்ட பாடத்தில், விலங்கினுள் ஒரு பகுதியும் ஆறறிவு உடையன என்று சொல்லும் நூற்பா ஒன்று உள்ளது. அவை எவை எனின், கிளியும் குரங்கும் யானையும் முதலாயின என்று அவர் உரை வரைந்தார். மாந்தன் இறங்கலாம், விலங்கு ஏறலாம். ஏறவும் இறங்கவும் இடந்தருவது படியே அன்றி மதில் ஆகுமோ?

மூன்றாவது, இளமைப் பெயர்கள். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதையும் எவ்வெவ்வுயிர்க்கு எது உரியது என்று மரபியல் வரையறுக்கின்றது. மாந்தரின் இளமைக்குக் குழவி, மகவு என்னும் இரண்டே உரியன. அவ்விரண்டில் குழவி என்பதை யானைக்கும், ஆவுக்கும், எருமைக்கும், குரங்கினத்துக்கும் தமிழ் வழங்கியது. மகவு என்பதைக் குரங்குக்கும் தந்தது. மரக்கிளையில் தாயின் வயிற்றைப் பற்றித் தொங்கும் குரங்குக்குட்டியை நோக்கிய தமிழன், தன் மனைவியின் மடியில் கிடந்த குழந்தையின் பெயரையே அதற்கும் இட்டான். எந்த மெய்யியல் நூலையும் படித்து அவன் அதைச் செய்யவில்லை; கண்ணால் கண்டு செய்தான்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் உடனே துள்ளியெழுந்து, "தார்வினுக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே தொல்காப்பியர் படிமலர்ச்சியைச் சொல்லிவிட்டார்!" என்று முழங்குவர். அன்புகூர்ந்து அதனைச் செய்யாதீர்கள். ஓர் உயிரினம் இன்னோர் உயிரினமாகத் திரிந்து வளர்ந்தது என்று தொல்காப்பியர் எங்கும் சொல்லவில்லை. அவர் வகுத்தது வரிசை; வரலாறு அன்று. எறும்பைக் கண்ணறிவு இல்லாப் படியில் வைத்தார். ஆனால் எறும்பினத்திற் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. பாலைநில எறும்புகள் வான்ஒளியை நோக்கியே வழி காண்கின்றன. புலன்வழி உயிர்களை வகுக்கும் முறை சமணரிடத்தும் உண்டு. இவற்றை ஒப்புக்கொள்வதால் தொல்காப்பியர் சிறுமையடையார். சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி நாம் அவருக்கு ஏற்றும் பொய்ப்பெருமையே அவரைச் சிறுமைப்படுத்தும். அவர் உண்மையில் சொன்னது, சென்ற நானூறு ஆண்டுகளின் மேலை எண்ணப்போக்கோடு ஒப்பிட்டாலே பெரிது.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மெய்யியலார் தெக்கார்த்து, விலங்குகளைப் பொறிகளாகக் கருதினார். நாழிகைப் பொறி அடிப்பதைப் போலவே விலங்கின் இயக்கமும் எண்ணமற்றது என்பது அக்கொள்கை. 1871-இல் தார்வின் மாந்தனின் பிறப்புவழி பற்றிய தம் நூலில் அதனை மறுத்தார். மாந்த மனத்துக்கும் மேனிலை விலங்குகளின் மனத்துக்கும் உள்ள வேற்றுமை அளவு வேற்றுமையே, வகை வேற்றுமை அன்று என்று நிறுவ முயன்றார். அதன்பின் 1894-இல் இலாயிடு மார்கன் என்பார் ஒரு கடிவாளம் இட்டார். விலங்கின் செயலை எளிய உளவாற்றலாலேயே விளக்க முடியுமாயின், உயரிய உளவாற்றலை அதற்கு ஏற்றிச் சொல்லலாகாது என்பது அவர் வகுத்த நெறி. அது நல்ல கடிவாளமே. தோற்கன்றின்முன் பால் சுரப்பதும், மணமும் தொடுகையும் மூளையைத் தூண்ட அங்கிருந்து ஒரு சுரப்புநீர் குருதியிற் கலந்து மடியை இயக்குவதே என்று இன்றைய அறிவியல் விளக்கும்.

அவ்விளக்கம் உண்மை. ஆனால் அதுவே முழுமையா? மாந்தத் தாய்க்குப் பால் சுரப்பதும் அதே சுரப்புநீரால்தான். அதனால் அவளுக்கு அன்பு இல்லை என்போமா? பொய்யுருவைக் கண்டு ஏமாறுவது மனமின்மைக்குச் சான்றா? தமிழகத்தில் பிறந்து, சென்னை இசுட்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் மூளையாய்வில் பெயர்பெற்ற வி. எசு. இராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். கை இழந்தவர் பலர்க்கு, இல்லாத கையில் நோவு இருக்கும். இருக்கும் கையின் நிழலுருவைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை மீண்டு வந்ததுபோல் தோன்றச் செய்தார். சிலர்க்கு நோவு தணிந்தது. அது பொய்க்கை என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். அறிந்தும் மூளை ஏற்றது. ஆறறிவுடையான் பொய்க்கையை ஏற்கலாம்; ஆ பொய்க்கன்றை ஏற்றால் மட்டும் அறிவிலியோ?

இக்குழப்பம் எங்கிருந்து வருகின்றது? வேறு வேறான மூன்றை ஒரே சொல்லால் குறிப்பதிலிருந்து வருகின்றது. ஆங்கிலச் சொல்லையோ வடசொல்லையோ கடன் வாங்கி மயங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. உணர்வு, நனவு, தன்னுணர்வு என்னும் மூன்று சொற்கள் நம்மிடம் உள்ளன. நோவும் இன்பமும் படுவது உணர்வு. விழித்த நிலையில் உலகைத் தன்னகத்தே காண்பது நனவு. காண்பவன் நான் என்று தன்னையே அறிவது தன்னுணர்வு. இம்மூன்றையும் பிரித்து வினவினால் விடைகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

உணர்வைப் பற்றி இன்று பெரிய ஐயமில்லை. பாலூட்டிகளும் பறவைகளும் நோவை உணர்கின்றன. 2022-இல் பிரித்தானிய நாட்டுச் சட்டம், முதுகெலும்புள்ளவற்றோடு நண்டையும் கணவாயையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. நண்டு நம் நான்காம் படி என்பதை நினைவிற் கொள்க.

நனவு என்னும் சொல்லை நோக்குக. கனவுக்கு எதிர்ச்சொல்லாக அதனைத் தமிழர் அமைத்தனர். கனவு காணும் உயிர்க்கு நனவும் இருத்தல் வேண்டும் என்று எண்ண அச்சொல்லே நம்மைத் தூண்டுகின்றது. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர் எலிகளை ஒரு வழித்தடத்தில் ஓடவிட்டு, அப்போது அவற்றின் மூளையில் எழுந்த துடிப்பு வரிசையைப் பதிவு செய்தனர். பின்னர் அவ்வெலிகள் உறங்கும்போது அதே வரிசை மீண்டும் எழக் கண்டனர். பகலில் ஓடிய வழியை எலி உறக்கத்தில் மீண்டும் ஓடியது. 2020-இல் செருமானிய ஆய்வாளர் காக்கைகளைப் பழக்கி, மிக மங்கிய ஒளியைக் கண்டனவா இல்லையா என்று தலையசைவால் தெரிவிக்கச் செய்தனர். ஒரே அளவு மங்கலான ஒளியைக் காக்கை ஒருமுறை கண்டதாகவும் மறுமுறை காணாததாகவும் தெரிவித்தது. அதன் மூளையணுக்கள் சிலவற்றின் துடிப்பு, ஒளியின் அளவை மட்டும் அன்றி, காக்கை கண்டதாகத் தெரிவித்ததையும் ஒத்து நின்றது. நம் வீட்டுக் கூரையில் சோற்றுருண்டைக்குக் காத்திருக்கும் கரிய பறவையின் இனம் அது! பறவையும் பாலூட்டியும் ஒரே மூதாதையினின்று பிரிந்து ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நனவு அத்துணைத் தொன்மையானதாய் இருத்தல் வேண்டும். அன்றி இரு கிளைகளிலும் தனித்தனியே மலர்ந்திருத்தல் வேண்டும். இரண்டில் எது ஆயினும், அது மாந்தனின் தனியுடைமை அன்று.

தன்னுணர்வே அரிதானது. 1970-இல் காலப் என்பார் சிம்பன்சிகளின் நெற்றியில் அவை அறியாமல் நிறப்புள்ளி இட்டு, கண்ணாடி காட்டினார். அவை கண்ணாடியைத் தொடாமல் தம் நெற்றியையே தொட்டன. 2006-இல் நியூயார்க்கு விலங்குக் காட்சியகத்தில் ஆசிய யானை ஒன்றும் அவ்வாறே தன் தலையிலிட்ட குறியைத் துதிக்கையால் தொட்டது. குரங்கையும் யானையையும் இளம்பூரணர் தனியே எடுத்துச் சொன்னது இங்கு நினைக்கத்தக்கது. நாய் இவ்வாய்வில் தேறுவதில்லை. ஆனால் நாயின் உலகம் மூக்கால் ஆனது. கண்ணால் வாழ்பவன் வைத்த தேர்வில் மூக்கால் வாழ்வது தோற்றதென்றால், குறை தேர்வினதாகவும் இருக்கலாம்.

2012 சூலை 7-இல் கேம்பிரிட்சில் கூடிய மூளையறிஞரும், 2024 ஏப்பிரல் 19-இல் நியூயார்க்கில் கூடிய அறிஞரும் இவற்றையெல்லாம் ஆய்ந்து அறிக்கைகள் விடுத்தனர். பாலூட்டிகட்கும் பறவைகட்கும் நனவு உண்டு என்பதற்கு வலுவான சான்று உள்ளது. மீன், தவளை, பாம்பு முதலியவற்றுக்கும், கணவாய், நண்டு, பூச்சியினங்கட்கும் அது இருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ளலாகாது என்பது பின்னைய அறிக்கையின் சாரம். மூளை என்னும் ஊன்கட்டியில் 'நான் காண்கின்றேன்' என்னும் உள்ளொளி எவ்வாறு எழுகின்றது என்னும் வினா மட்டும் இன்னும் அவிழாத முடிச்சாகவே உள்ளது. மாந்தனிடத்தும் அது அவிழவில்லை.

இனி, இப்படிக்கட்டின் மேற்படிகளை நம் ஊர் மண்ணிலேயே காணலாம். ஆவடியிலிருந்து மேற்கே செல்லும் தொடர்வண்டியில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, பூண்டி வழியாகச் சென்றால், கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் உள்ளது. பூண்டி ஏரியின் நீரைக் குடிக்கும் நம் பகுதி மக்களுள் எத்துணைப் பேர் அவ்வூரின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட் அங்கே பழங்கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல்லாண்டு அகழ்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள கைக்கோடரிகள் பத்து நூறாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை; 15 நூறாயிரம் ஆண்டளவுக்கும் செல்லக்கூடியவை. 2018-இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன்பே அங்குக் கருவி செய்யும் முறை மாறியதைக் காட்டியது. பெரிய கோடரிகள் குறைந்தன. கல்லை முன்னதாகவே செப்பனிட்டு, வேண்டிய வடிவில் சில்லுப் பெயர்க்கும் நுட்பம் வந்தது.

ஒரு கைக்கோடரியைக் கண்ணால் பாருங்கள். இருபுறமும் ஒத்து, நுனி கூர்ந்து நிற்கும். கல்லுக்குள் கோடரி இல்லை; செய்தவனின் உள்ளத்தில் இருந்தது. இல்லாத வடிவை முன்கூட்டியே உள்ளத்தில் கண்டு, அதை நோக்கி ஒவ்வோர் அடியாக அடிப்பவனுக்கு மனம் இல்லை என்று எவரும் சொல்லார். ஆனால் அவன் யார்? நம் இனமாகிய இற்றை மாந்தனின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ மூன்று நூறாயிரம் ஆண்டுக்கே செல்கின்றன. ஆகவே அத்திரம்பாக்கத்தின் முதற்கோடரியைச் செய்தவன் நமக்கு முற்பட்ட வேறொரு மாந்தவகையினன். ஆறாம் அறிவு நம் இனம் தோன்றுமுன்பே அரும்பியிருந்தது என்பதற்குக் கற்சான்று நம் ஆற்றங்கரையில் கிடக்கின்றது.

இதனையும் நம்மவர் சிலர் 'பதினைந்து நூறாயிரம் ஆண்டுத் தமிழன்' என்று எழுதத் தொடங்கிவிட்டனர். மொழியின் அகவை ஆயிரக்கணக்கில் அளக்கப்படுவது, நூறாயிரக்கணக்கில் அன்று. பகைவர் நம்மை நகையாட நாமே வாயில் திறந்துவிடலாமா? அத்திரம்பாக்கம் தமிழனின் பெருமை அன்று, தமிழ்நிலத்தின் பொறுப்பு. அதனைக் காப்பதிலும் நம் பிள்ளைகட்குக் காட்டுவதிலுமே நம் பெருமை இருக்கின்றது.

அங்ஙனமாயின் மாந்தனுக்குத் தனிச்சிறப்பே இல்லையோ எனின், உண்டு. அது மொழி. தேனீ பூவின் திசையையும் தொலைவையும் ஆடிக் காட்டும். கார்ல் வான் பிரிசு அதனைக் கண்டறிந்ததற்காக 1973-இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். ஆனால் நேற்றைய பூவைப் பற்றியும், இல்லாத பூவைப் பற்றியும், பூ என்றால் என்ன என்பது பற்றியும் தேனீ பேசுவதில்லை. மாந்தன் பேசுகின்றான். பேசியதைத் தன் பிள்ளைக்கு விட்டுச் செல்கின்றான். ஒருவனுடைய நனவு இன்னொருவனுக்குள் இறங்கும் வழி அது. அவ்வழி தாய்மொழியாய் இருக்கும்போது அகலமாயிருக்கின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைக்கும் ஒருவரின் பிள்ளை, 'நனவு' என்றால் என்ன என்று தமிழில் ஒருநாளும் எண்ணிப்பாராமல், அயற்சொல் ஒன்றை மட்டும் உருப்போட்டுத் தேர்வெழுதுமாயின், ஆறாம் அறிவு அப்பிள்ளைக்கு ஊட்டப்படவில்லை. ஏமாற்றிச் சுரக்க வைக்கப்படுகின்றது. அதுவும் ஒரு தோற்கன்றே.

"விலங்குக்கு உணர்வு உண்டு என்று ஒப்பினால் ஏறுதழுவல் என்னாகும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். 2014-இல் உச்சநயன்மன்றம் அதனைத் தடை செய்தது. 2017 சனவரியில் தமிழிளைஞர் கடற்கரையில் திரண்டனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. 2023 மே 18-இல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நானும் அத்தீர்ப்பை வரவேற்றவனே. ஆனால் ஏற்றுக்கு உணர்வு இல்லை என்று சொல்லி அல்ல. உணர்வு உண்டு என்பதாலேயே வாலை முறுக்குவதும், கண்ணில் மிளகாய் தூவுவதும், சாராயம் ஊற்றுவதும் மரபுக்கும் சட்டத்துக்கும் புறம்பான கயமை என்கின்றேன். ஏற்றைப் பிள்ளைபோல் வளர்க்கும் உழவன் இதை நம்மினும் நன்கு அறிவான். அறியாதவன் அதனைத் தழுவத் தகுதியற்றவன்.

தமிழ் உறவுகளே! 'ஐந்தறிவு' என்னும் சொல்லை இனி எவரையும் இழித்துரைக்கப் பயன்படுத்தாதீர். உணர்வு, நனவு, தன்னுணர்வு என்னும் மூன்று சொற்களையும் வேறுபாடறிந்து பேச்சிலும் எழுத்திலும் வழங்குவீர். விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை அத்திரம்பாக்கம் பக்கம் அழைத்துச் செல்வீர். ஆவடியிலும் அம்பத்தூரிலும் குப்பைமேட்டில் நெகிழிப்பை தின்றுகொண்டிருக்கும் மாட்டைக் காணும்போது, அதன் கன்றுக்குக் குழவி என்று பெயரிட்ட மொழி நம்முடையது என்பதை நினைந்து, அப்பையை அதன் வாயினின்று பிடுங்கி எறிவீர்.

ஆறாம் படியில் நிற்பவனுக்கு அழகு கீழ்ப்படியை உதைப்பதன்று, குனிந்து கைகொடுப்பதே.